பின் ஸ்பீக்கருக்கு என்ன வேலை?

முதல் சிங்களப் பேசும்படமான ‘கடவுணு பொரொந்துவ’ 1947 ஜனவரி 21இல் கொட்டாஞ்சேனை கிங்ஸ்லி தியேட்டரில் திரையிடப்பட்டது. தயாரித்தவர் எஸ். எம். நாயகம், படம் பிடித்தது மதுரையில். குரல், பாட்டு, சத்தம் எல்லாமே ஒற்றைத் தடத்தில் திரைக்குப் பின்னாலிருந்து வந்த காலம் அது. தமிழ்ப்படம் அதிலிருந்து விலக வெகுகாலம் பிடித்தது. 1986இல் ‘மாவீரன்’ பல தட ஒலியோடு 70 மி.மீ.யில் வந்தது, 1996இல் ‘கறுப்பு ரோஜா’ டி.டி.எஸ். ஒலியோடு வந்தது, 2012இல் முப்பரிமாண ‘சிவாஜி’ டொல்பி அட்மோஸைத் தொட்டது. இவற்றைப் பற்றிப் பேச்செடுத்தால், துப்பாக்கிக் குண்டு தலையைச் சுற்றிப் போன கதையைத்தான் சொல்வார்கள். எனக்கு அதில் பெரிய மதிப்பில்லை. பின்னால் திடீரென்று சத்தம் கேட்டால் ஆள் திரும்பிப் பார்ப்பான். காட்சி அந்த இடத்திலேயே அறுந்துபோகும்.

பின் ஸ்பீக்கரின் வேலை, இடத்தை உணர்த்துவது. செட்டியார் தெருவில் புறப்பட்டுக் காலி வீதியால் வரும் ஆடிவேல் ஊர்வலத்தை 5.1இல் கலக்குவதாக வைத்துக்கொள்வோம். பேட்டி கொடுப்பவரின் குரல் நடு ஸ்பீக்கரில். திரையில் தெரியும் நாதஸ்வரமும் தவிலும் முன் இடமும் வலமும். சனத்தின் இரைச்சல், அரோகரா, தூரத்து ஹோர்ன் ஆகியவை பின்னிரண்டில், இருக்கிறதா இல்லையா என்ற அளவில். அந்தப் பின்சத்தத்தைச் சட்டென நிறுத்தினால்தான் அது இருந்ததே தெரியவேண்டும்.

தவிலின் அடித்தொனியில் ஒரு பொறி உண்டு. அதைத் தாழ்சுருதித் தடத்துக்கு, அதாவது ‘.1’க்கு மட்டும் அனுப்பினால் ஸ்டூடியோவில் நெஞ்சு அதிரும். ஆனால் 5.1ஐ ஸ்டீரியோவாகச் சுருக்கும்போது அந்தத் தடத்தைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். போனில் பார்ப்பவருக்குத் தவில் தகரமாகக் கேட்கும். நடுவும் பின்னும் வழக்கமாக 3 டெசிபல் குறைந்து இடம் வலத்தோடு சேரும். பின்னால் இசையை அள்ளிக் கொட்டியிருந்தால் பேச்சு அதற்குள் அமிழ்ந்துவிடும்.

வெள்ளவத்தை ஃபிளாட் அறையில் கலக்குபவருக்கு இன்னொரு சிக்கல். கரையோர ரயில் போகும்போது தாழ்ந்த ஒலியைப் பற்றி எந்த முடிவும் எடுக்கக்கூடாது என்பது இருக்கட்டும், அளவே வேறு. தியேட்டருக்கான கலவை அறையில் முன் ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் 85 டெசிபலுக்கும், பின் வரிசை ஒவ்வொன்றும் 82க்கும் சரிசெய்யப்படும். வீட்டு அறையில் ஐந்தையும் ஒரே அளவில் வைப்பது வழக்கம். அங்கே செய்த கலவையை அப்படியே தியேட்டருக்குக் கொண்டுபோனால் பின்பக்கம் 3 டெசிபல் மெலிந்துவிடும். நுட்பமாக வைத்த இரைச்சல்தான் முதலில் காணாமல் போகும்.

ஆகவே தியேட்டருக்கு ஒன்று, போனுக்கு ஒன்று என இரண்டு கலவை செய்வதே முறை. குறும்படக்காரர் பலர் முதலாவதற்கு மட்டும் காசு ஒதுக்குகிறார்கள். அவர்களுடைய படத்தைப் பெரும்பாலானோர் பார்ப்பதோ இரண்டாவதில்.