கருக்கு: மலைமேல் ஒரு மறுவாசிப்பு

பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்த புத்தகம். நான் அதை இரண்டு தடவை வாசித்தேன். முதல் தடவை கல்லூரியில், மார்க்குக்காக. இரண்டாம் தடவை கொடைக்கானலில் ஒரு வாடகை அறையில், வேலையை விடுவதா வேண்டாமா என்று தூக்கம் வராமல் கிடந்த ராத்திரிகளில். அப்போதுதான் உறைத்தது, இது ஒரு வேலையிடத்தைப் பற்றிய புத்தகமும்தான் என்று.

எனக்கு அப்போது ஒரு தங்கும் விடுதியில் கணக்கெழுதும் வேலை. முதலாளி தொடக்கத்தில் தேனாய்ப் பேசினார். "நீ எம்மக மாதிரி. உங்க ஆளுங்கள்ல உன்னை மாதிரி ஒருத்திய நான் பாத்ததே இல்ல" என்றார். அந்தப் பாராட்டுக்குள் இருந்த முள்ளு எனக்குத் தெரியவில்லை. குளிர்ந்துபோனேன். ஆறு மாசத்தில் நான் போட்ட கணக்கு அவர் போட்ட கணக்காயிற்று; அவர் செய்த தப்பு என் தப்பாயிற்று. நேற்றுச் சொன்னதை இன்றைக்கு "நான் எப்ப சொன்னேன்? உனக்கு மண்டையில ஏதோ கோளாறு" என்பார். நாலு பேர் முன்னால் சிரிப்பு, அறைக்குள் கூப்பிட்டு வசவு. கடைசியில் எனக்கே என் ஞாபகத்தின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. இரண்டு தரம் கூட்டிய கணக்கை மூன்றாம் தரமும் கூட்டுவேன்.

இதற்குத் 'தன்மோகம்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். ஃபிராய்ட் 1914இல் இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் இதை ஆளுமைக் கோளாறுகளின் பட்டியலில் சேர்த்தார்கள். இதைப் பற்றிய சுயமுன்னேற்றப் புத்தகங்களையும் வாசித்தேன். அடையாளம் காண உதவின, மறுக்கவில்லை. ஆனால் அவை ஒருத்தன் மூளைக்குள்ளேயே நின்றுவிடுகின்றன. தண்ணியில் தன் முகத்தைப் பார்த்து மயங்கிய கிரேக்கக் கதைப் பையனுக்கு ஒரு குளம் போதும். நம்மூரில் ஒருத்தன் தன்னைப் பெரியவனாகப் பார்க்க இன்னொருத்தர் குனிய வேண்டியிருக்கிறது. குனிகிறவர் யார் என்று சாதி முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறது.

'கருக்கு' காட்டுவது இதைத்தான். ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்கலாமென்று கையிலிருந்த ஆசிரியை வேலையை விட்டுவிட்டு மடத்துக்குப் போகிறார் பாமா. அங்கே ஏழ்மை பேச்சில் மட்டும் இருக்கிறது. வசதியும் பணக்காரப் பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடமும் நடைமுறையில் இருக்கின்றன. கேள்வி கேட்டால் கீழ்ப்படிதல் என்ற வார்த்தப்பாட்டை நீட்டுகிறார்கள். 'அன்பு', 'சேவை', 'குடும்பம்' என்ற சொற்கள்தான் அங்கே வாயடைக்கும் கருவிகள். 'எம்மக மாதிரி' என்பதும் அந்த வகையறாதான்.

இந்தப் புத்தகம் கோவையாக இல்லை, சொன்னதையே சொல்கிறது என்று ஒருவர் குறை சொல்லலாம். நான் அதை அதன் பலமென்பேன். 'நடக்கவே இல்லை' என்று சொல்கிற அதிகாரத்துக்கு முன்னால், நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்வதுதான் சாட்சியம். அதை வாசித்த பிறகுதான் நானும் நோட்டு ஒன்று போட்டேன். தேதி, நேரம், அவர் சொன்ன வார்த்தை, கூட இருந்தவர். ரெண்டு மாசத்தில் என் ஞாபகம் எனக்குத் திரும்பி வந்தது.

எங்கம்மா கீழ்ப்பழனி மலையில் காப்பித் தோட்டத்தில் பழம் பறித்தவர். எல்லாவற்றையும் சொன்னேன். "இதுக்குப் புதுசா பேரு வச்சிருக்காகளா? நாங்க கங்காணின்னு சொல்லுவோம்" என்றது அம்மா. பிறகு, "நீ விட்டுட்டு வந்துருவ. எங்களுக்கு வேலை போனா லயன் வீடும் போயிரும்லடி" என்றது. 'விட்டு விலகு' என்று எழுதுகிற புத்தகக்காரர்கள் பதில் சொல்ல வேண்டிய இடம் இதுதான். 'கருக்கு'ம் இதற்கு முழுப் பதில் சொல்லவில்லை. அது ஒற்றை ஆள் வெளியேறிய கதை. வெளியேறிய பிறகும் பிழைப்புக்குத் தவித்ததை மறைக்காதது அதன் நேர்மை.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 1989ஆம் வருசத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவதைக் குற்றமென்கிறது, ஆனால் அது பொதுப்பார்வையில் நடந்திருக்க வேண்டும். நாலு சுவருக்குள் வெளிச்சாட்சி இல்லாமல் நடந்தால் அந்தப் பிரிவு பொருந்தாது என்று உச்சநீதிமன்றம் 2020இல் சொன்னது. 2025 ஜனவரியிலும், அலுவலக அறைக்குள் நடந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு தமிழ்நாட்டு வழக்கில் அதையே சொன்னது. கதவைச் சாத்திவிட்டு வையத் தெரிந்தவன் கெட்டிக்காரன்.

அப்படியானால் மீட்சி எங்கே? இதே ஊரில் ஒரு வழி இருக்கிறது. 2001இல் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு கிடந்தது அம்பலமாகி, இந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் ஆலை மூடப்பட்டது. தொழிலாளர் உடல்நலத்துக்குக் கேடில்லை என்றே நிறுவனம் சொல்லிவந்தது. தங்கள் உடம்பு சொன்னதை நம்பிய தொழிலாளர்கள் சேர்ந்து நின்றார்கள். 2016இல் 591 பேருக்காக உடன்பாடு வந்தது. அப்போதும் நிறுவனம் குற்றத்தை ஒப்பவில்லை. என்றாலும், 'உனக்கு ஒண்ணுமில்ல' என்ற பேச்சைத் தனியாளாய் உடைக்க முடியாது, கூட்டாய் உடைக்கலாம் என்பதற்கு அது சாட்சி.

நான் வேலையை விட்டுவிட்டேன். நோட்டை விடவில்லை. எனக்குப் பின் அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிள்ளையைத் தேடிப்போய்ப் பார்த்தேன். நான் வாயைத் திறக்குமுன் அவளே கேட்டாள்: "அக்கா, உங்களையும் எம்மக மாதிரின்னுதான் சொன்னாரா?"

நோட்டை அவளிடம் கொடுத்துவிட்டு வந்தேன். பாதிப் பக்கம் காலியாக இருந்தது.