பன்னிரண்டு நிமிஷ வெளிச்சம்

டார்ச் லைட்டுக்குக் கூடவா விமரிசனம் என்று கேட்பீர்கள். சினிமாவுக்கு எழுதுகிறோமே, அது மூன்று மணி நேர சமாசாரம். டார்ச் லைட் தினம் ராத்திரி ஒருத்தன் காலைக் காப்பாற்றுகிற சமாசாரம். எழுதலாம், தப்பில்லை.

எங்கள் வீட்டு மோட்டாருக்குக் காயில் கட்டித் தருபவரின் மகன் ஒரகடத்தில் வேலை பார்க்கிறான். ஐ.டி.ஐ. முடித்தவன். பெரிய கம்பெனிக்கு உதிரிபாகம் செய்யும் சின்ன கம்பெனியில் கான்ட்ராக்ட். ஒரு நாள் போன் செய்தான்.

“சார், பாக்கெட்ல வைக்கிற மாதிரி சின்னதா, சார்ஜ் போடற டார்ச் ஒண்ணு சொல்லுங்க.”

“உன் போன்லயே டார்ச் இருக்கேப்பா?”

“இருக்கு சார். எங்க ரூம் பையனும் போன் டார்ச்சைத்தான் பிடிச்சுக்கிட்டு வந்தான். நடுவுல அவங்கம்மா கால் பண்ணாங்க. எடுத்துக் காதுல வெச்சுட்டான். வெளிச்சம் மேல போயிடுச்சு. காலுக்குக் கீழ பாம்பு.”

“கடிச்சுதா?”

“இல்ல சார். ஆனா இப்ப ரெண்டாவது ஷிப்ட்டே வேணாங்கறான்.”

செல்போன் டார்ச்சைப் பற்றி இதைவிடச் சுருக்கமான விமரிசனம் நான் படித்ததில்லை.

நேரில் போய்ப் பார்த்தேன். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள் கோயில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் குறுக்கே சந்திக்கிற இடம்தான் ஒரகடம் கூட்ரோடு. கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர் என்று சக்கரம் உள்ள எல்லாவற்றையும் சுற்று வட்டாரத்தில் செய்கிறார்கள். ராத்திரி பதினொன்றரை மணிக்குத் தொழிற்சாலை வளாகங்கள் கல்யாண மண்டபம் மாதிரி ஜொலிக்கின்றன. மெயின் ரோட்டை விட்டுப் பையன் தங்கியிருக்கும் கிராமத்துப் பக்கம் திரும்பினால் கடைசிப் பெட்டிக்கடையோடு வெளிச்சம் முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் சீமைக் கருவேலம், ஏரிக்கரை, தவளைச் சத்தம். அவன் ரூமுக்கு என் கைக்கடிகாரப்படி சரியாகப் பன்னிரண்டு நிமிஷம்.

இந்தப் பன்னிரண்டு நிமிஷத்துக்கு என்ன டார்ச் வாங்குவது?

ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ தேடினால் எல்லா அட்டைப் பெட்டியும் ஒரே எண்ணைத்தான் கொட்டை எழுத்தில் கத்துகிறது: லூமன். விளக்கிலிருந்து வெளியே வரும் மொத்த வெளிச்சத்தின் அளவு அது. கட்டை விரல் பருமனில் ஒரு டார்ச், 1000 லூமன் என்கிறார்கள். சாத்தியமா? சாத்தியம்தான். எவ்வளவு நேரம் என்பதில்தான் கதையே இருக்கிறது.

ஒரு சின்ன கணக்கு. (பயப்படாதீர்கள், ஒரு பெருக்கல், ஒரு வகுத்தல்.) இந்தச் சைஸ் டார்ச்சில் பெரும்பாலும் 16340 என்ற லித்தியம் அயான் செல் இருக்கும். 16 மில்லிமீட்டர் குறுக்களவு, 34 மில்லிமீட்டர் உயரம், கடைசி சைபருக்கு உருளை என்று அர்த்தம். 3.7 வோல்ட், சுமார் 650 மில்லி ஆம்பியர் மணி. பெருக்கினால் 2.4 வாட் மணி. எல்.இ.டி. ஒரு வாட்டுக்கு நூறு லூமன் தருவதாக வைத்துக்கொண்டால் 1000 லூமனுக்குப் பத்து வாட் வேண்டும். வகுத்தால் கால் மணி நேரம்கூட வராது. அதுவும் வராது. அவ்வளவு சின்ன உடம்பு பத்து வாட்டில் கை வைக்க முடியாமல் சுடும் என்பதால் உள்ளே இருக்கும் சர்க்யூட் ஓரிரு நிமிஷத்தில் வெளிச்சத்தைத் தானாகவே இறக்கிவிடும்.

அப்படியானால் பெட்டியில் ‘1000 லூமன், ஒன்றரை மணி நேரம்’ என்று போட்டிருப்பது பொய்யா? இல்லை, அங்கேதான் சாமர்த்தியம். நல்ல கம்பெனிகள் பின்பற்றுவது 2009-ல் வந்த அமெரிக்க ஏ.என்.எஸ்.ஐ. எஃப்.எல்.1 என்ற அளவுகோல். அதன்படி லூமனை ஸ்விட்ச் போட்ட முப்பதாவது விநாடியிலிருந்து இரண்டு நிமிஷத்துக்குள் அளந்துவிட வேண்டும். எத்தனை நேரம் எரிகிறது என்பதையோ ஆரம்ப வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை கணக்கிடலாம். ஆக, 1000 லூமனும் நிஜம், ஒன்றரை மணியும் நிஜம், இரண்டையும் சேர்த்துப் படித்தால் மட்டும் பொய். ‘100 மீட்டர் தூரம்’ என்பதும் இதே ஜாதிதான். அந்த நூறாவது மீட்டரில் விழுவது கால் லக்ஸ், ஏறக்குறைய பௌர்ணமி நிலா வெளிச்சம்.

இவர்களாவது இலக்கணத்தோடு ஏமாற்றுகிறார்கள். பிளாட்பாரத்துச் சரக்குக்கு அதுவும் கிடையாது. 18650 செல்லில் ‘9900 எம்.ஏ.எச்.’ என்று அச்சடித்து விற்கிறார்கள். அந்தச் சைஸில் நல்ல செல்லே சுமார் 3500-தான் தருகிறது. 9900-ஐப் பார்த்ததும் கடையை விட்டு இறங்கிவிடலாம்.

இப்போது அதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். 30 லூமனுக்கு 0.3 வாட். 2.4-ஐ வகுத்தால் எட்டு மணி நேரம். சர்க்யூட்டில் வீணாவது போக ஆறு என்று வைத்துக்கொள்ளுங்கள். தினம் பன்னிரண்டு நிமிஷம் என்றால் முப்பது ராத்திரி. மாதச் சம்பளத்துக்கு ஒரு தடவை சார்ஜ்!

முப்பது லூமன் போதுமா என்றால், போதும். வெளிச்சம் நாலு மடங்கு ஏறினால்தான் கண்ணுக்கு இரண்டு மடங்கு மாதிரி தோன்றும். தவிர, கண் இருட்டுக்கு முழுசாகப் பழக இருபது, முப்பது நிமிஷம் ஆகிறது. பழகின கண்ணில் 1000 லூமனை அடித்தால் எதிரே பத்தடி பகல் மாதிரித் தெரியும், அதன் ஓரங்கள் கறுப்பாகிவிடும், அணைத்தால் கொஞ்ச நேரத்துக்கு எதுவுமே தெரியாது. பையனோடு இரண்டு விதமாகவும் நடந்து பார்த்தேன். பெரிய வெளிச்சத்தில் வெளிச்சத்தைப் பார்த்தேன், சின்ன வெளிச்சத்தில் பாதையைப் பார்த்தேன்.

வெளிச்சத்தின் நிறமும் முக்கியம். மலிவு டார்ச்சுகள் நீலம் பாய்ந்த வெள்ளையில் எரிகின்றன. கண்ணாடி விரியனின் பழுப்பையும் காய்ந்த சருகின் பழுப்பையும் அதில் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். பெட்டியில் சி.ஆர்.ஐ. 90-க்கு மேல் என்றும், 4000 அல்லது 5000 கெல்வின் என்றும் போட்டிருந்தால் நிறங்கள் ஓரளவு நிறமாகத் தெரியும். சத்தமில்லாமல் விற்கும் நல்ல சரக்கு அதுதான்.

விரியன் என்று நான் மிகைப்படுத்தவில்லை. 2020-ல் வெளியான ஓர் ஆய்வின்படி 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியில் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம். வருஷத்துக்கு 58,000. தமிழ்நாடு 2024-ல் பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. ஆஸ்பத்திரிகள் ஒவ்வொரு கடியையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். கட்டு விரியன் ராத்திரியில்தான் வெளியே வரும். கடித்தால் வலிகூடச் சரியாகத் தெரியாது. அதனால்தான் டாக்டர்கள் ராத்திரி நடப்பவர்களுக்குச் சொல்லும் முதல் யோசனை: மூடின செருப்பு, கையில் விளக்கு. மீறிக் கடித்துவிட்டால் கீறாதே, கட்டாதே, நேரே ஆஸ்பத்திரி.

அடுத்தது ஸ்விட்ச். இதை வடிவமைப்பவர்கள் இருட்டில் நடந்தவர்களே இல்லை என்பது என் தீர்மானம். ஒரு அழுத்து ‘ஹை’, இரண்டு அழுத்து ‘டர்போ’, மூன்று அழுத்தினால் டிஸ்கோ மாதிரி மினுக்குகிறது. ஏரிக்கரையில் டிஸ்கோ எதற்கு ஐயா? முதல் அழுத்தில் மிதமான வெளிச்சம் வர வேண்டும், அல்லது போன தடவை விட்ட இடத்தில் ஆரம்பிக்க வேண்டும். மற்ற வித்தைகள் எங்காவது ஒளிந்திருக்கட்டும்.

பாக்கெட்டில் தானாக எரியாமலிருக்கப் பூட்டும் அவசியம். என்னுடைய பழைய டார்ச் ஒன்று பேன்ட் பையில் தானே டர்போவுக்குப் போய்த் தொடையில் சூடு போட்டது. பின்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தினால் மின்சாரம் துண்டிக்கப்படும் மாடல்கள் இருக்கின்றன. அவை உத்தமம்.

சார்ஜ் சமாசாரத்திலும் ஒரு கஞ்சத்தனம் உண்டு. டார்ச்சில் ‘டைப்-சி’ ஓட்டை இருக்கும். ஆனால் இரண்டு பக்கமும் டைப்-சி உள்ள புது ஒயரைச் செருகினால் சார்ஜ் ஏறாது. உள்ளே வைக்க வேண்டிய இரண்டு குட்டி ரெசிஸ்டர்களை மிச்சம் பிடித்திருப்பார்கள். சில பைசா லாபம். பழைய அகல வாய் ஒயரில் மட்டும் ஏறும். கடையிலேயே இரண்டு விதமாகவும் செருகிப் பாருங்கள்.

என் பெரிய புகார், செல்லைக் கழற்ற முடியாமல் ஒட்டி மூடிய டார்ச்சுகள் மீதுதான். லித்தியம் செல் சில நூறு சார்ஜில் தளர்ந்துவிடும். எல்.இ.டி.யோ பல்லாயிரம் மணி நேரம் தாங்கும். நூற்றைம்பது ரூபாய் செல் செத்ததற்காகக் கல்லு மாதிரி இருக்கும் விளக்கைக் குப்பையில் போடச் சொல்வது விஞ்ஞானம் இல்லை, வியாபாரம். கழற்றக்கூடியதாக வாங்குங்கள். செல்லின் மேல் ஐ.எஸ். 16046 என்ற இந்தியத் தர எண் இருக்கிறதா என்று பாருங்கள். மே மாத வெயிலில் பைக் பெட்டியில் விட்டுவிடாதீர்கள். செல் உப்பினால் மறு யோசனை இல்லாமல் கழித்துவிடுங்கள்.

இந்த வட்டாரத்துக்கும் டார்ச்சுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. 2003-ல் நோக்கியா தன் 1100 மாடலின் தலையில் ஒரு குட்டி டார்ச் வைத்தது. இருபத்தைந்து கோடிக்கு மேல் விற்ற போன் அது. அதே நோக்கியா 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை திறந்து, ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வேலை தந்து, 2014-ல் மூடியது. பூட்டிக் கிடந்த இடத்தை சால்காம்ப் கம்பெனி வாங்குகிறது என்ற அறிவிப்பு 2019-ல் வந்தது. அவர்கள் செய்வது சார்ஜர்! போன் போய் சார்ஜர் வந்தது. ஊர் எதையாவது உலகத்துக்குச் செய்துகொண்டேதான் இருக்கிறது.

பையனுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். கழற்றும் செல், மூன்றே வெளிச்சம், மிதமானதில் ஆரம்பம், சட்டையில் மாட்டும் கிளிப். கிளிப்பைத் தொப்பி விளிம்பில் மாட்டினால் இரண்டு கையும் காலி, அம்மாவிடம் தாராளமாகப் பேசலாம். பிராண்டு பெயரைச் சொல்ல மாட்டேன். அடுத்த மாதம் அவர்களே அதில் டிஸ்கோ சேர்த்துவிடுவார்கள்.

ஒரு வாரம் கழித்துப் போன் வந்தது.

“சூப்பர் சார். ரூம் பையன்கூட என்னோட சேர்ந்து ரெண்டாவது ஷிப்ட் வர்றான். ஆனா ஒண்ணு சார், அந்த ஏரிக்கரைல நாலு கம்பம் நட்டா இந்த டார்ச்சே வேணாமே?”

1994-ம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தை எடுத்துப் பார்த்தேன். பொதுச் சாலைகளுக்கு விளக்குப் போடுவது கிராம ஊராட்சியின் கடமை என்று எழுதியிருக்கிறது, ஆனால் குடியிருப்புப் பகுதிகளுக்குள். மெயின் ரோட்டில் வெளிச்சம், ஊருக்குள் வெளிச்சம். நடுவில் இருக்கும் பன்னிரண்டு நிமிஷம் யாருடைய கணக்கிலும் இல்லை. உலகத்துக்கே கார் செய்து அனுப்பிவிட்டு நடந்து வீட்டுக்குப் போகிறவன் கணக்கில் மட்டும் இருக்கிறது.

நல்ல டார்ச்சாகப் பார்த்து வாங்குங்கள். கம்பத்துக்கும் ஒரு மனு எழுதிப் போடுங்கள்.