குறைவாக ஓடும் காருக்கு நீடித்த வாரண்டி: எதற்குக் காசு கட்டுகிறோம்?

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. ஒரு காலத்தில் வீடு கட்டப் போதுமாயிருந்த காசைக் கொடுத்து இன்று கார் வாங்குகிறார்கள். அந்த விலையோடு இன்னொரு கடதாசியும் நீட்டப்படுகிறது. கொஞ்சம் மேலதிகமாகக் கட்டினால் வாரண்டியை இன்னும் இரண்டு வருடம் நீடித்துத் தருவார்களாம். இவ்வளவு போட்டாயிற்று, இதையும் போட்டால் நிம்மதி என்று பலர் கையெழுத்திடுகிறார்கள்.

மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரையுள்ள கரையோர ஊர்களில் இந்த முடிவை இன்னும் கவனமாக எடுக்க வேண்டும். இங்கே நிறையக் கார்கள் அதிகம் ஓடுவதில்லை. பாடசாலை, கடை, பள்ளிவாசல், கல்யாண வீடு எல்லாம் ஒரே கரையோர வீதியில், சில கிலோமீற்றருக்குள் முடிந்துவிடும். கட்டாரிலோ சவூதியிலோ வேலை செய்பவரின் கார், அவர் லீவில் வரும்வரை முற்றத்திலேயே நிற்கும். 2022 ஜூலையில் எரிபொருளுக்குக் கியூஆர் முறை வந்து ஒரு காருக்கு வாரம் 20 லீற்றர் என்றானபோது, கொஞ்சம் ஓடிய கார்களும் நின்றன. இப்படிப்பட்ட காருக்கு நீடித்த வாரண்டி தேவையா? பெரும்பாலானோருக்குத் தேவையில்லை என்பதே என் முடிவு. ஆனால் அதன் பக்கத்து நியாயங்களை முதலில் பார்த்துவிட வேண்டும்.

முதல் நியாயம் ரூபா. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவைச் சுற்றியிருந்த டொலர், மே மாதத்தில் 360 வரை ஏறியது. உதிரிப்பாகம் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருவதால், ரூபாவில் எழுதப்பட்ட வாரண்டி நாணய வீழ்ச்சியின் சுமையை விற்றவர் தலையில் வைத்துவிடுகிறது. இரண்டாவது லீசிங். மாதத் தவணையை எண்ணி எண்ணிக் கட்டும் ஓர் ஆசிரியர் குடும்பத்துக்கு, ஹைபிரிட் பற்றரியோ இன்வேர்ட்டரோ திடீரெனப் போனால் தவணையே தடுமாறும். தெரியாத பெரிய செலவைத் தெரிந்த சிறிய செலவாக மாற்றுவது பெரிய உதவிதான். மூன்றாவது ஒழுங்கு. வாரண்டி செல்லுபடியாக வேண்டுமே என்ற பயத்திலாவது சேர்விஸ் நேரத்துக்கு நடக்கும், பதிவும் இருக்கும், விற்கும்போது கை கொடுக்கும்.

இந்த நியாயங்கள் குறைவாக ஓடும் காருக்கு எவ்வளவு பொருந்தும்? ஒரு கணக்கைப் போடுவோம். தொகை உதாரணத்துக்கு மட்டும். கம்பெனி வாரண்டி 3 ஆண்டு அல்லது 100,000 கிலோமீற்றர், எது முந்துகிறதோ அது. 240,000 ரூபா கட்டினால் 5 ஆண்டு அல்லது 150,000 கிலோமீற்றர். வருடத்துக்கு 6,000 கிலோமீற்றர் ஓடுபவர் மூன்றாம் ஆண்டு முடிவில் 18,000இல் நிற்பார், மீதி 82,000 பயன்படாமலே காலாவதியாகும். நீடித்த இரண்டு வருடத்தில் அவர் ஓடப்போவது 12,000. கிலோமீற்றருக்கு 20 ரூபா விழுகிறது. கொழும்புக்கும் ஊருக்குமாக வருடத்துக்கு 25,000 ஓடும் வியாபாரிக்கு அதே வாரண்டி கிலோமீற்றருக்கு 4 ரூபா 80 சதம். ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒரே விலை என்றால், குறைவாக ஓடுபவர் அதிகம் ஓடுபவரின் பழுதுக்கும் சேர்த்துக் கட்டுகிறார்.

பழுது கிலோமீற்றரைப் பார்த்து மட்டும் வருவதில்லையே என்று கேட்கலாம். உண்மைதான். நிற்கும் காருக்கும் வயது ஏறுகிறது, அதுவும் இந்தக் கரையில் வேகமாக ஏறுகிறது. கடலிலிருந்து வரும் உப்புக் காற்று அடித்தட்டையும் பிரேக் குழாய்களையும் மின் இணைப்புகளையும் அரிக்கிறது. மாதக்கணக்கில் நின்றால் 12 வோல்ட் பற்றரி இறங்கும், ரப்பர் சீல் காயும், ஏசி வாயு கசியும், எலி கூடு கட்டி வயரைக் கடிக்கும். நவம்பர், டிசம்பர் மழையில் வீதி நிறைந்து வெள்ளம் தரைவிரிப்பு வரை ஏறினால் அது வேறு பாடு.

இப்போது வாரண்டிக் கடதாசியில் ‘உள்ளடங்காதவை’ என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். துரு, ரப்பர், சாதாரணத் தேய்மானம், 12 வோல்ட் பற்றரி, வெள்ளம், எலி: வழக்கமாக அங்கே வரிசையாக நிற்பவை இவைதான். உள்ளடங்குபவையோ பெரும்பாலும் ஓட்டத்தால் தேயும் இயந்திர, கியர் பாகங்கள். குறைவாக ஓடும் காரின் எதிரி காலம். இந்த வாரண்டி காவல் நிற்பதோ ஓட்டத்துக்கு. இதன் அடிப்படைக் குறை இதுதான், மற்றவை இதற்குப் பிறகு.

அடுத்த குறை தூரம். ‘ஆறு மாதம் அல்லது குறித்த கிலோமீற்றர், எது முந்துகிறதோ’ அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சேர்விஸ் செய்ய வேண்டும் என்ற நிபந்தனை சாதாரணம். குறைவாக ஓடுபவருக்கு எப்போதும் மாதம்தான் முந்தும். இரண்டாயிரம், மூவாயிரம் கிலோமீற்றர் மட்டுமே ஓடிய எண்ணெயை மாற்ற வெளியூர் போய் வர வேண்டிவரும். ஊர் கராஜில் ஒரு தடவை மாற்றிவிட்டால், பிறகு பழுதுக்குப் போய் நிற்கும்போது அந்த ஒரு பில்லே மறுக்கக் காரணமாகலாம்.

பாவித்த காரில் இன்னொரு சிக்கல் உண்டு. ஜப்பானியக் கம்பெனிகள் தங்கள் நாட்டில் பொதுப் பாகங்களுக்கு 3 ஆண்டு அல்லது 60,000 கிலோமீற்றர், இயந்திரம் போன்ற முக்கிய பாகங்களுக்கு 5 ஆண்டு அல்லது 100,000 கிலோமீற்றர் உத்தரவாதம் தருவது வழமை. கார் கப்பல் ஏறியதும் அது வழமையாக அங்கேயே நின்றுவிடும். ஆகவே ரீகண்டிஷன் காருக்குக் கார் சேலில் தரும் வாரண்டி எதனுடைய நீட்சியும் அல்ல, விற்றவரின் சொந்த வாக்குறுதி. அவர் கடையை மூடினால் கடதாசியும் மூடிவிடும். பெரிய கம்பெனியும் விதிவிலக்கல்ல. அமெரிக்காவில் இத்தகைய ஒப்பந்தங்களை நாடெங்கும் விற்ற யூஎஸ் ஃபிடெலிஸ் 2010இல் வங்குரோத்தானது. அதே நாட்டில் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் 2014இல் வெளியிட்ட ஆய்வில், இடைநிலை (மீடியன்) அளவில் 1,200 டொலருக்குச் சற்று மேல் கட்டி வாங்கியவர்களில் 55 சதவீதத்தினர் அதை ஒரு பழுதுக்கும் பயன்படுத்தியிருக்கவில்லை.

இந்த ஊர்களில் பலர் இவற்றுக்கெல்லாம் முன்னே கேட்பது, இது மார்க்கத்தில் ஆகுமா என்பது. ஜித்தாவில் இயங்கும் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி 1985இல், நிலையான கட்டணத்துக்கு நடக்கும் வர்த்தகக் காப்புறுதியில் பெரிய ‘கரர்’ (நிச்சயமின்மை) இருப்பதால் அது கூடாதென்றும், கூட்டுறவு முறையே மாற்றுவழி என்றும் முடிவெடுத்தது. கடலில் நீந்தும் மீனைப் பிடிக்குமுன் விலை பேசுவதை ஃபிக்ஹு நூல்கள் கரருக்கு உதாரணமாகச் சொல்கின்றன. கல்முனைக் கரைவலைக்காரருக்கு அதை விளக்க வேண்டியதில்லை. காரின் விலைக்குள்ளேயே அடங்கி வரும் வாரண்டி விற்பனையின் பகுதி. குறையுள்ள பொருளுக்கு விற்றவர் பொறுப்பு என்ற பழைய கொள்கையோடு அது ஒத்துப்போகிறது. தனியாகக் காசு வாங்கி, பழுது வந்தால் தருவோம் என்பது காப்புறுதியின் உருவம், அறிஞர் பலர் அதை ஏற்பதில்லை. இத்தனை எண்ணெய் மாற்றம், இத்தனை சேர்விஸ் என்று எண்ணி எழுதிய முற்பணத் திட்டம் வேறு வகை, அதில் வாங்குவது இன்னதென்று தெரியும். பொருளாதாரக் கணக்கும் மார்க்கக் கேள்வியும் இங்கே ஒரே இடத்தைத் தொடுகின்றன: காசுக்கு எதிரே நிற்கும் பொருள் என்ன?

வாங்கலாம் என்று சொல்லக்கூடிய ஒரு வகை உண்டு. ஊர் மெக்கானிக் கைவைக்க முடியாத, மென்பொருளும் உயர் மின்னழுத்தமும் நிறைந்த மின்சாரக் கார் அல்லது பிளக்-இன் கார், ஏஜென்டிடம் புதிதாக வாங்கியது, மூல வாரண்டி உயிரோடிருக்கும்போதே தயாரித்த கம்பெனியின் பெயரில் நீடிப்பது, விற்றால் அடுத்தவர் பெயருக்கு மாறக்கூடியது. அங்கே ஒரே பழுது லட்சக்கணக்கில் போகலாம். அப்போதும் பற்றரியின் கொள்ளளவு எவ்வளவு குறைந்தால் மாற்றித் தருவார்கள், கடற்கரை அரிப்பு அடங்குமா என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். மார்க்கக் கேள்வியை வாங்குபவர் தன் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம்.

மற்றவர்கள் அந்தக் காசில் ஒரு பகுதியை வாங்குவதற்கு முன்பே செலவழிப்பது நல்லது. செஸி இலக்கத்தை வைத்து ஜப்பான் ஏலத் தாளை எடுத்து, மீட்டர் குறைக்கப்பட்டிருக்கிறதா என்று ஒப்பிடலாம். ஸ்கேன் போட்டு ஹைபிரிட் பற்றரியின் ஒவ்வொரு தொகுதியையும் பார்க்கலாம், அடித்தட்டைத் தூக்கித் துரு பார்க்கலாம். குறைவாக ஓடியது என்ற சொல்லே பொய்யானால் எந்த வாரண்டியும் காப்பாற்றாது. மீதியைத் தனிச் சேமிப்பில் போட்டு, வருடத்துக்கொருமுறை அடித்தட்டைக் கழுவித் துருத்தடுப்பு அடித்து, வாரம் ஒருமுறை காரைச் சம்மாந்துறை வரையாவது ஓட்டி வந்தால், வாரண்டி விட்டுவிடும் பழுதுகளையே தடுத்தவராவார். பழுது வராவிட்டால் காசும் அவர் கையிலேயே இருக்கும்.