கண்ணாடியில் முழந்தாளிட்டோர்

மறுமலர்ச்சிக்கால ஐரோப்பாவில், தேவாலயத்துக்கு வண்ணக் கண்ணாடிச் சாளரம் உபகரித்தோர் தம் உருவத்தையும் அதில் தீட்டுவித்தல் வழக்கு. முற்காலத்தில் சாளரத்தின் அடிப்புறத்தே சிற்றுருவாய் ஒடுங்கியிருந்த உபயகாரர், பதினாறாம் நூற்றாண்டில் புனிதர்க்கு நிகரான பருமை பெற்றனர். இதனைத் தற்பெருமை என்ற ஒரு சொல்லால் ஒதுக்குவாருளர். பிரசெல்ஸ் நகரிலுள்ள புனித மைக்கேல், புனித குடுலா பேராலயத்தின் இரு சாளரங்களை அடுத்தடுத்து நோக்குவார்க்கு அத்தீர்ப்புப் பாதியளவே பொருந்தும்.

இரண்டையும் வரைந்தளித்தவர் பேணாட் வான் ஓர்லி. வடபுறச் சாளரம் 1537இல் எழுந்தது. பேரரசன் ஐந்தாம் சாள்சும் அரசி இசபெல்லாவும் முழந்தாளிட்டிருக்க, பின்னே காவற் புனிதர் நிற்கின்றனர். அனைத்தையும் கவிந்து நிற்பது உரோமப் பாணியிலமைந்த மாபெரும் வெற்றி வளைவு. வணங்குவோன் பணிவு வளைவின் பெருமிதத்தில் அமிழ்ந்துவிடுகின்றது. கண் முதலிற் பற்றுவது அரசாடையையே. ஓவியத் திறனிற் குறையில்லை, பத்தியே குறைவு.

தென்புறச் சாளரம் அடுத்த ஆண்டினது. அவ்வளைவும் அவ்வாடம்பரமும் இங்கும் உள. ஆயினும் முழந்தாளிட்டிருப்போருள் ஒருவன் அன்று உயிரோடிருந்தவனல்லன். ஹங்கேரி மன்னன் இரண்டாம் லூயி 1526இல், துருக்கியரோடு பொருத மொகாச்சுப் போரில், இருபதாம் வயதில் மாண்டான். அவன் மனைவி மேரி, சாள்சின் தங்கை, மறுமணம் செய்யாது நெதர்லாந்தை ஆண்டு வந்தாள். பன்னிரண்டாண்டுகட்குப் பின்னும் கணவனும் மனைவியும் ஒரே வணக்கத்தில் இணைந்துள்ளனர். ஹங்கேரி முடி அவள் தமையன் பேர்டினாந்தைச் சேர்ந்தமையால் இதில் அரச குடும்பத்தின் உரிமைக் குரலும் ஒலிக்கின்றதெனலாம், அதனை மறுத்தற்கில்லை. எனினும், ஈயப் பட்டைகளுக்கிடையே கபில வண்ணந் தீட்டிச் சூளையிற் சுட்ட கண்ணாடி முகம், இறந்தோனை இருப்போள் அருகே நிறுத்துதற்கு வாய்த்த கருவியாயிற்று. வடபுறத்தில் அலங்காரமாய் நின்ற உபயகாரர் உருவம் இங்கே சாளரத்தின் பொருளாகவே ஆகின்றது.

சாள்சின் மகன் இரண்டாம் பிலிப்பும் இவ்வழக்கைத் தொடர்ந்தான். ஒல்லாந்தின் கௌடா நகரத் தேவாலயத்துக்கு அவனளித்த சாளரத்தை 1557இல் ஆக்கியவர் டிர்க் கிராபெத். இயேசுவின் இறுதி இராவுணவுக் காட்சியருகே அவனும் ஆங்கில அரசி மேரியும் முழந்தாளிட்டுள்ளனர். அழையா விருந்தினரை ஒத்த இருப்பு அது. பின்னர் அந்நகர் புரட்டஸ்தாந்தர் வசமாயிற்று. 1581இல் வட நெதர்லாந்து மாகாணங்கள் பிலிப்பின் ஆட்சியையே துறந்தன. சாளரம் மட்டும் அகற்றப்படவில்லை. அவனை அரசனென ஏலாதார் வழிபட்ட கோயிலில் அவனுருவம் இன்றும் முழந்தாளிட்டபடியே உளது.