பேர் வெட்டினால் மருந்தும் இல்லை

கண்டியிலிருந்து மகியங்கனை வீதியில் திகனைக்கு வருகிறவர் பல்லேகலைக் கைத்தொழிற்பேட்டையைக் கடந்தே வரவேண்டும். மாலையில் அங்கே பேருந்தில் ஏறும் பெண்களுள் சிலருக்குத் தொழிற்சாலையே மருத்துவக் காப்புறுதி செய்து கொடுத்திருக்கிறது. அவர்களுள் லயத்தில் பிறந்தவர்களின் பாட்டிமாருக்குத் தோட்டம் மருந்து கொடுத்தது. பெயர் மாறியிருக்கிறது, தன்மை மாறியதா என்பதே நம் கேள்வி.

தோட்ட மருத்துவம் துரையின் தயவில் பிறந்ததன்று. தும்பறைப் பள்ளத்தாக்கில் கோப்பி விளைந்த காலத்தில், 1872ஆம் ஆண்டில், மருத்துவத் தேவைகள் சட்டம் வந்தது. 1912இல் அது புதுப்பிக்கப்பட்டது. நோயாளி பழம் பறிக்கமாட்டான் என்ற கணக்கும் அதற்குள் இருந்தது. மலையகக் கதைகள் டிஸ்பென்சர் ஐயாவை எத்தனையோ முறை காட்டியிருக்கின்றன: எல்லா நோய்க்கும் ஒரே கலவை, கூடவே ஓர் அதட்டல். வாசித்துச் சிரித்திருக்கிறோம். ஆயினும் அக்கதைகளிற் பல அம்மனிதரின் கஞ்சத்தனத்தோடு நின்றுவிட்டன என்பது நம் குறை. காய்ச்சல் உண்மையா, வேலைக்குப் போகலாமா என்று சொல்ல வேண்டியவர் தோட்டத்திடமே சம்பளம் வாங்கினார். கதையின் உயிர் அங்கேயன்றோ இருந்தது!

செக்ரோலில் பேர் உள்ளவரைதான் மருந்து. 1972க்குப் பின் காணிச் சீர்திருத்தத்தில் கண்டிப் பகுதித் தோட்டங்கள் கூறுபோடப்பட்டு, தொழிலாளர் குடும்பங்கள் பல வீதிக்கு வந்தன. வேலை, லயம், மருந்து மூன்றும் ஒருசேரப் போயின.

அப்படியானால் அவரவர் தாமே காப்புறுதி வாங்கிக்கொள்வது மேலல்லவா என்பார் உண்டு. வேலை மாறினாலும் அது கூட வரும், உண்மை. ஆனால் தனி மனிதனிடம் கம்பனி முதலில் கேட்பது வயதையும் பழைய நோயையும். சர்க்கரை நோய் கண்டவனுக்குக் காத்திருப்புக் காலம், அல்லது விலக்கு. வயது ஏறக் கட்டுப்பணமும் ஏறும். நூறு பேரைச் சேர்த்துக் காப்புறுதி செய்யும்போது இந்த விசாரணை பெரிதும் குறைகிறது. கூட்டத்தின் பலம் அது. முதலாளியின் கொடை அன்று. அமெரிக்காவில் 1942இல் கூலியுயர்வைச் சட்டம் கட்டுப்படுத்தியபோது, ஆள் பிடிக்க முதலாளிகள் காப்புறுதியைக் காட்டினார்கள். கூலிதான் வேறு உருவில் வந்தது.

நம் ஆசிரிய நண்பர்களுக்கு ‘அக்ரஹார’ இருக்கிறது. (அந்தணர் தெருவின் பெயரை யார் இதற்குத் தேடிக் கொடுத்தார்களோ!) மாதந்தோறும் சம்பளத்தில் பிடிக்கிறார்கள், ஆகவே அதுவும் இனாமன்று. ஆனால் அதே பள்ளியில் படிக்கும் பிள்ளையின் தாய், நாட்கூலிக்காரி, இதற்குள் வரமாட்டாள். அவளுக்குக் கண்டி அரசாங்க ஆஸ்பத்திரி உண்டு. அங்கே அட்டை கேட்பதில்லை, பேர்ப்பதிவும் கேட்பதில்லை. 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது அந்த வாசலிலும் துண்டு எழுதிக் கொடுத்து வெளியே வாங்கச் சொன்னார்கள்.

தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசு ஏற்கும் வேலை 1990களில் தொடங்கியது. இன்னும் முடியவில்லை.