செம்பனை நிழலில் டாக்டர் ஹூ: கிண்டில் பேப்பர்ஒயிட்டில் ஒரு நாவல்

சுங்கை சிப்புட் பக்கம் பாட்டி பால் வெட்டிய தோட்டத்தில் இப்போது ஒரு பால்மரம்கூட இல்லை; எல்லாம் செம்பனை. போன பள்ளி விடுமுறையில் அந்தப் பழைய லயத்து வாசலில், உச்சி வெயிலில் உட்கார்ந்து 'சிட்டி ஆஃப் டெத்' என்ற 'டாக்டர் ஹூ' நாவலைப் படித்தேன். கையில் இருந்தது 2021இல் வெளிவந்த கிண்டில் பேப்பர்ஒயிட் என்ற மின்னூல் வாசிப்புக் கருவி. கைபேசித் திரையில் என் முகம் மட்டுமே தெரிந்த அந்த வெளிச்சத்தில், இதில் எழுத்து அச்சிட்ட தாள்போலக் கறுத்து நின்றது. நுண்ணிய குமிழ்களுக்குள் கறுப்பு வெள்ளைத் துகள்கள் மின்சாரத்தால் மேலும் கீழும் நகர்ந்துதான் எழுத்தாகின்றன. வெயில் ஏறினால் படிப்பதும் எளிதாகிறது.

'டாக்டர் ஹூ' தொலைக்காட்சித் தொடர் பிபிசியில் தொடங்கியது 1963 நவம்பர் 23. வீட்டில் வீடியோ இல்லாத காலத்தில் தவறவிட்ட பகுதி தவறவிட்டதுதான். 1973 முதல் டார்கெட் பதிப்பகம் வெளியிட்ட சிறு நாவல்கள்தான் ரசிகர்களுக்கு மறு ஒளிபரப்பாக இருந்தன. டெரன்ஸ் டிக்ஸ் ஒருவரே அறுபதுக்கு மேல் எழுதினார். பழைய நாடாக்கள் அழிக்கப்பட்டதால் 1960களின் தொண்ணூறுக்கும் அதிகமான பகுதிகளுக்கு இன்று படம் கிடையாது. ஒலிப்பதிவும் நாவலும்தான் மிச்சம். இந்த நாவல்களை நான் மதிப்பதற்கு அதுவே முதல் காரணம்.

'சிட்டி ஆஃப் டெத்' 1979இல் ஒளிபரப்பானது. டக்ளஸ் ஆடம்ஸ் கைவண்ணம். டார்கெட் வரிசையில் அப்போது வராத இந்தக் கதையை, 2015இல் ஜேம்ஸ் காஸ் முழு நாவலாக எழுதினார். ஆதி பூமியில் கப்பல் வெடித்து, ஸ்காரோத் என்ற வேற்றுலகவாசி பன்னிரண்டு துண்டுகளாகக் காலமெங்கும் சிதறிப்போகிறான். டாவின்சியிடம் கூடுதலாக ஆறு மோனலிசா வரையச் சொல்வது ஒரு துண்டு. பாரிஸில் அவற்றை விற்கத் திட்டமிடுவது இன்னொன்று. தொடரின் நாயகனான காலப்பயணி டாக்டரோ, டாவின்சி வரையப்போகும் வெற்றுப் பலகைகளில் 'இது போலி' என்று முன்கூட்டியே எழுதிவிட்டு வருகிறார். அந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன்.

இப்படி முன்னும் பின்னும் தாவும் கதைக்குத்தான் இந்தக் கருவி சற்றுத் திணறுகிறது. தாள் புத்தகம் என்றால் பழைய பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டே புரட்டலாம். இதில் குறியிட்டு, மெனு திறந்து, திரை ஒருமுறை மினுங்கித் திரும்பவேண்டும். அட்டைப்படமும் கறுப்பு வெள்ளைதான். ஆங்கிலச் சொல்லை அழுத்திப் பிடித்தால் பொருள் உடனே வரும். பிரெஞ்சு வரியை மொழிபெயர்க்க வைஃபை வேண்டும், அது தோட்டத்தில் இல்லை.

மற்றதெல்லாம் நிறைவு. எடை 205 கிராம். ஈப்போவிலிருந்து கோலாலம்பூர் போகும் இடிஎஸ் ரயிலில் ஒரே கையில் பிடித்தேன், கை வலிக்கவில்லை. நல்ல தண்ணீரில் இரண்டு மீட்டர் ஆழத்தில் ஒரு மணிநேரம் தாங்கும் தரம் என்பதால், கோப்பிக் கடைச் சாரலுக்குப் பயந்து பைக்குள் ஒளிக்கவில்லை. இரவில் விளக்கை மஞ்சளாக மாற்றிக்கொண்டால் கண் உறுத்தாது.

கதை படிப்பவருக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். சித்திரக்கதைக்கு வேண்டாம். 2016 டிசம்பர் முதல் தமிழ் நூல்களும் கிண்டிலில் கிடைக்கின்றன. வாங்கினால் அவற்றையும் இறக்கிப் படியுங்கள்.