மூன்று மணி நேரம் யாருடைய அளவு?

மாற்றுத்திறனாளிகளுக்குத் தேர்வில் தரப்படும் கூடுதல் நேரத்தைச் 'சலுகை' என்றே எழுதிவருகிறோம். அந்தச் சொல்லுக்குள் ஒரு முன்முடிவு ஒளிந்திருக்கிறது: மூன்று மணி நேரம் என்பது இயற்கை, அதற்குள் அடங்காத உடல்தான் குறை. கண்காணிப்பதையும் இயல்பு/பிறழ்வு என்று தரம் பிரிப்பதையும் ஒன்றாக இணைக்கும் உத்தியே தேர்வு என்று ஃபூக்கோ 1975இல் எழுதியது இங்கே பொருந்துகிறது.

கணக்கைப் பார்ப்போம். 2016 உரிமைச் சட்டம் 40 விழுக்காடு என்றொரு கோடு போட்டது. 2018இல் ஒன்றிய அரசின் நெறிமுறைகள் மணிக்கு 20 நிமிடத்துக்குக் 'குறையாமல்' தரச் சொன்னன. நம் பொதுத்தேர்விலும் மூன்று மணி நேரத்துக்கு ஒரு மணி நேரம்தான் கூடுதல். குறைந்தபட்சமே உச்சவரம்பாகிவிட்டது. எழுதும்போது கை இழுத்துக்கொள்கிறவருக்கு, சொல்வதை எழுதுபவரைத் தர அந்த 40 தேவையில்லை என்று 2021 பிப்ரவரியில், விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு நீட் தேர்வில் டிஸ்கிராஃபியா உள்ள மாணவிக்குக் கூடுதல் நேரம் மறுக்கப்பட்டது. நவம்பரில், ஈடுசெய்ய வழி காணச் சொன்ன நீதிமன்றம் மறுதேர்வை மறுத்தது. போன மணி போனதுதான்.

ஒரே அளவு எல்லா உடலுக்கும் எப்படிப் பொருந்தும்? ஒரே உடலில் பல குறைபாடுகள் சேர்ந்திருக்கும் என்பதை ஏற்று அமைந்த தேசிய நிறுவனம் 2005 முதல் நம் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே, முட்டுக்காட்டில் இருக்கிறது. தேர்வறைக்கு மட்டும் அது தெரியல. பார்வையற்றவர் கேள்வியைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்கணும். கண்ணை ஓட்டிப் பார்க்க வழியில்லை. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்கு நான்காவது மணி கூடுதல் வலியாகவே முடியலாம். அதற்கு வேண்டியது இடைவேளை.

"அப்ப மத்த பிள்ளைங்களுக்கு அநியாயம் இல்லியா?" என்பார்கள். எனக்கு இந்தக் கேள்வி பிடிச்சிருக்கு. கூட ஒரு மணி நேரம் கிடைச்சா எல்லாருக்கும் மார்க் கூடும் என்றால், இதுவரை அளந்ததில் பாதி கை வேகம்தானே? தட்டச்சில் வேகமே பாடம்; அங்கே கடிகாரம் இருக்கட்டும். வரலாற்றுத் தாளில் அதற்கென்ன வேலை?

முட்டுக்காட்டிலிருந்து அதே சாலையில் தெற்கே போனால் மாமல்லபுரம். ஐந்து ரதங்களும் முழுதாக முடிக்கப்படாதவை. மேலிருந்து கீழாகச் செதுக்கினார்கள் என்பதை அந்த முடியாத வேலைதான் நமக்குக் காட்டுகிறது. பாதியில் நின்ற விடைத்தாளை மட்டும் தோல்வி என்கிறோம்.

நேர வரம்பு ஏன் வேண்டும் என்று ஒவ்வொரு தாளுக்கும் தேர்வு நடத்துகிறவர் சொல்லணும். சொல்ல முடியாத தாளில் வரம்பு எல்லோருக்கும் தளரணும். அதுவரை அந்த ஒரு மணி நேரத்தை விட்டுவிடக் கூடாது. அதற்காக நன்றி சொல்லவும் வேண்டியதில்லை.